கெடாவில் கல்லூரிக்கு இடம் கேட்டோம்

என்னைப் பாடாங் செராய்க்கு அழைத்தவர்கள் ஊரைச் சுற்றிக் காட்ட அழைக்கவில்லை. மண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத்தான் அழைத்தார்கள். நான் கோவையில் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் மண்ணியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இனி யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள் என்ற நிம்மதியில் இருந்தபோது மலேசியாவிலிருந்து தவமணி என்பவர் தொலைபேசியில் பேசினார். அச்சுப்போல் தெளிவான குரல். தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கக் கெடா மாநிலத்தில் ஒரு வேளாண் கல்லூரி வேண்டும், அதற்குச் சட்டமன்றத்தில் ஆதரவு தேடிக்கொண்டிருக்கிறோம், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கூட வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்றார். நிற்க மட்டும்தானே, வருகிறேன் என்றேன்.

விஷயம் இதுதான். பாடாங் செராய்க்கு வெளியே ஒரு பெரிய ரப்பர் தோட்டம் இருந்தது. மரங்கள் கிழடானதும் வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள். பிறகு அதையும் கைவிட்டார்கள். அதன் ஒரு மூலை இப்போது மாநில அரசின் கையில் இருக்கிறது. வீடு கட்டும் நிறுவனம் ஒன்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வரப்போகும் கூட்டத் தொடரில் சட்டமன்ற உறுப்பினர் யாராவது எழுந்து, அந்த இடம் கல்லூரிக்கு வேண்டும் என்று சொன்னால் அரசு யோசிக்கும். யாரும் சொல்லாவிட்டால் வீடுகள்தான். தவமணியும் நண்பர்களும் ஒரு குழு அமைத்து, அப்படி எழுந்து நிற்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பினாங்கு விமான நிலையத்துக்கு வந்திருந்தவர் ரோசலின். நாற்பதைத் தாண்டியவர். முழுக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. "டீச்சர்தானே? போட்டோல வயசு கொஞ்சம் கம்மியா தெரிஞ்சீங்க லா" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். நேராகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அந்த வாக்கியத்தை மட்டும் பிடிக்கவில்லை.

காருக்குள் ஏறியதும் யாரோ ரசத்துக்குத் தாளித்த வாசம். பின்சீட்டில் ஈரச் சாக்குகளில் கறிவேப்பிலை. அவர் கறிவேப்பிலை பயிரிடுகிறவர். பாடாங் செராயிலும் சுங்கை பட்டாணியிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு அவர்தான் கொடுக்கிறார். என்னை அழைக்க வருகிற வழியில் பினாங்கில் போட வேண்டிய கட்டுகளைப் போட்டுவிட்டு மிச்சத்தோடு வந்திருந்தார். எங்கள் ஊரில் காய் வாங்கினால் கொசுறாகக் கையில் திணிப்பார்களே என்றேன். "ஓசியிலயா?" என்று சாலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எதிரே லாரி வந்துகொண்டிருந்ததால், நான் அதற்கு மேல் தமிழ்நாட்டுப் பெருமை பேசவில்லை.

வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவின் வெளிநாடு போய் மெலிந்த தம்பி என்று சொல்லலாம். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. ரோசலின் குழம்பிலிருந்து ஓர் இலையைக் கரண்டியால் எடுத்து முகர்ந்தார். "இது என்னுது இல்ல. எல்லையத் தாண்டி வர்ற இலை. வாசமே இல்ல பாருங்க" என்று கடைக்காரரின் காதில் விழும்படி சொன்னார். கடைக்காரர் காதில் விழாத மாதிரி அடுத்த ரொட்டியை வீசினார்.

மறுநாள் காலை, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். காலை உணவுக்கு இங்கே பசியாறுதல் என்று பெயர். இட்லி சாப்பிட்டோம் என்று சொல்வதைவிடப் பசியாறினோம் என்பது எவ்வளவு நிறைவாக இருக்கிறது! நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் சட்டை செய்யவில்லை.

அந்த நிலத்துக்குப் போனோம். கைவிடப்பட்ட செம்பனைகள் தலைவிரித்து நின்றன. அடியில் இடுப்பளவு புதர். மண்ணை எடுத்து நனைத்துக் கையில் உருட்டிப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் களைத்துப்போன மண். ரப்பருக்கும் பனைக்கும் மாறி மாறி உழைத்த மண் வேறு எப்படி இருக்கும்? ஆனால் மூலையில் ஒரு பகுதி மட்டும் கறுத்து, பொலபொலவென்று கிடந்தது. அங்கே வரிசை வரிசையாக ரோசலினின் கறிவேப்பிலை மரங்கள். தலை உயரத்தில் கவாத்து செய்து, புதிதாகத் துளிர்விட்டு நின்றன. காம்பு சிவப்பாக இருந்தது. எங்கள் பக்கத்துச் செங்காம்பு ரகம்தான். யார் எப்போது கப்பல் ஏற்றி வந்தார்களோ தெரியவில்லை, பார்த்ததும் உறவுக்காரரைச் சந்தையில் கண்டது போல் இருந்தது.

அந்த மூலையில் முன்பு சில குடும்பங்கள் பாகலும் பயத்தங்காயும் போட்டிருந்தார்களாம். வீடு கட்டும் நிறுவனம் வேறு இடத்தில் மாற்று நிலம் தருவதாகச் சொன்னதும் ஒவ்வொருவராகச் சம்மதித்துப் போய்விட்டார்கள். ரோசலின் மட்டும் சம்மதிக்கவில்லை. கல்லூரி வந்தால் அவருடைய மரங்களைக் கல்லூரிப் பண்ணையோடு சேர்த்து அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது குழுவின் திட்டம். அதை நம்பித்தான் அவர் எங்களுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். பாதி சரி.

"பள்ளிக்கூடத்துல கடைசி எஸ்பிஎம் பரீட்ச முடிச்சதும் விவசாயம் படிக்க எனக்கு இடம் கெடச்சிச்சு டீச்சர்" என்றார், ஒரு கிளையை வளைத்துப் பூச்சி பார்த்துக்கொண்டே. "ஜொகூர் பக்கம். அவ்ளோ தூரம் பொம்பளப் புள்ளைய அனுப்ப மாட்டேன்னு அப்பா சொல்லிட்டாரு. அழுதேன், சாப்பிடாம கெடந்தேன், ஒன்னும் நடக்கல. பக்கத்துல ஒரு காலேஜ் இருந்திருந்தா சைக்கிள்லயே போயிருப்பேன்."

முதலில் வைத்த கன்றுகள் எல்லாம் செத்துப்போயின என்றும், ஏன் என்று கேட்க ஆளில்லை என்றும் சொன்னார். இடத்தின் சரிவைப் பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் நின்று வேர் அழுகியிருக்கும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். "அத நானா கண்டுபிடிக்க மூணு நாலு வருஷம் ஆச்சு. நீங்க இப்படி நின்னுகிட்டே சொல்றீங்க." அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முப்பது வருடம் இதைத்தான் வகுப்பில் சொன்னேன், பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் கரங்கானுக்குப் புறப்பட்டோம். அங்கே ஒரு கோயில் விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வருகிறார். விழா முடிந்ததும் காப்பி குடிக்கிற நேரத்தில் எங்களைப் பார்க்கச் சம்மதித்திருந்தார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்பி என்கிறார்கள். குழந்தையிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லோருக்கும் அவர் ஒய்பிதான்.

எங்கள் சார்பில் பேசப்போகிறவர் தவமணி. முன்பு தோட்டத்தில் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். இப்போது அந்த வட்டாரத்தில் கல்யாணம், திருவிழா, பள்ளி விழா எதுவானாலும் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான். முழுக்கை பாத்திக் சட்டை, மடியில் பொன்னாடைப் பெட்டி, அதன் மேல் பழக்கூடை. எனக்கும் ரோசலினுக்கும் வழியெல்லாம் நம்பிக்கையூட்டிக்கொண்டே வந்தார்.

கரங்கானை நெருங்குமுன் காரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. இறங்கிப் பார்த்தால் சுற்றிலும் செம்பனை, மனித நடமாட்டம் இல்லை. ரோசலின் மூடியைத் திறந்து எதையோ திட்டினார், மலாயில். கடைசியில் செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் பக்கத்தில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பழக்கூடை என் மடிக்கு வந்துவிட்டது. "ஒய்பியைப் பார்க்கப் போறீங்களா? எங்க ரோட்டப் பத்தியும் சொல்லுங்க" என்று ஓட்டுநர் மலாயில் சொன்னதைத் தவமணி எனக்கு மொழிபெயர்த்தார். சாலை அதைத் தானே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் இரண்டு முறை கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

ஒய்பி கோயில் மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். எங்களை உட்காரச் சொல்லிக் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தார். தவமணி உட்காரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"மதிப்புக்குரிய ஒய்பி அவர்களே, ஒய்பியின் சிறப்பு அதிகாரி அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, ஆலயத்தின் முன்னாள் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே..."

அறையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆளுக்கு இரண்டு மூன்று பதவி இருந்ததால் பட்டியல் நீண்டது. பெயர் வரும்போது ஒவ்வொருவரும் லேசாக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒய்பியின் கோப்பை பாதியானது. ரோசலின் தவமணியின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கிள்ள வேண்டிய இடம் தேடுவது போல. அடுத்து என் முறை. "தமிழகத்தின் மண்ணியல் மாமேதை, உலக நாடுகள் பலவற்றில் உரையாற்றிய பேராசிரியர் அம்மையார் அவர்களே!" நான் உரையாற்றிய ஒரே வெளிநாடு இலங்கை, அதுவும் என் தங்கை மகன் கல்யாணத்தில். எழுந்து கும்பிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். கோப்பை காலி.

"இப்பொழுது நாங்கள் இங்கே வந்த நோக்கத்தை..." என்று தவமணி தொடங்கியபோது சிறப்பு அதிகாரி குனிந்து ஒய்பியின் காதில் ஏதோ சொன்னார். ஒய்பி எழுந்தார். "தெரியும்ணே, கோயில் கூரை விஷயம்தானே? போன தடவையே தலைவரு சொன்னாரு. செஞ்சிரலாம், கவலைப்படாதீங்க."

ஆலயத் தலைவர் முகம் மலர்ந்து பலமாகக் கைதட்டினார். முன்னாள் தலைவரும் தட்டினார். தவமணி, பழக்கதோஷம், தானும் தட்டிவிட்டார். தட்டிய பிறகு நாங்கள் கேட்க வந்தது கூரை அல்ல என்று எப்படிச் சொல்வது? பொன்னாடை போர்த்தினோம். நின்று படம் எடுத்துக்கொண்டோம். வெளியே ஒய்பியின் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"விஷயத்த எப்ப சொல்லுவீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் அண்ணே" என்றார் ரோசலின்.

"ஒரு பேரு விட்டுப்போனா எவ்ளோ பெரிய சண்ட வரும் தெரியுமாம்மா? ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமா பேர விட்டுட்டேன். இன்னைக்கி வரைக்கும் மனுசன் மூஞ்சி குடுக்கறதில்ல" என்றார் தவமணி. அவர் குரல் உடைந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எங்கள் ஊரிலும் மேடையில் பெயர் சொல்லியே பொழுதைப் போக்குவார்கள். ஆனால் பின்னறையில் காப்பி குடிக்கிறவருக்கு முன்னால் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தவமணி வெளியே வரவில்லை, தலைவலியாம். ரோசலின் பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக வந்தார். கட்சி, சாதி, மொழி எதுவும் பாராமல் கறிவேப்பிலை எல்லா வீட்டுக்கும் போகிறது என்பதன் பயன் அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் தஞ்சோங் டாவாயில் ஒரு மலாய்க் கல்யாண விருந்து. அதற்குச் சமைக்கிறவர் ரோசலினின் வாடிக்கையாளர். மீன்குழம்புக்கு இலை வேண்டும் என்று கேட்டவர், விருந்துக்கு ஒரு மலாய் ஒய்பி வருகிறார் என்றும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இந்த ஒய்பி கரங்கான் ஒய்பிக்கு எதிரணிக்காரர். "நம்ம ஆளு கோவிச்சுக்குவாரே" என்று தவமணி தொலைபேசியில் இழுத்தார். "நம்ம ஆளுதான் கூரை போடறதுல பிஸியா இருக்காரே" என்றார் ரோசலின்.

தஞ்சோங் டாவாய் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் மீனவ ஊர். பழுது பார்த்து வந்த காரில் புறப்பட்ட எங்களைக் கைத்தொலைபேசியின் வரைபடம் ஆற்றின் தவறான கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஊர் கண்ணுக்கெதிரே தெரிகிறது, நடுவே ஆறு. நல்லவேளை, ஆள் ஏற்றும் படகு இருந்தது. கறிவேப்பிலைச் சாக்கோடும் தவமணியோடும் ஏறினோம். அவருக்கு நீச்சல் தெரியாது. அக்கரை சேரும்வரை அவர் யாருக்கும் எந்த வணக்கமும் சொல்லவில்லை.

இறங்கியதும் கருவாட்டு வாடை. சாலையோரம் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது பசியைக் கிளப்பும் வாடைதான். பந்தலுக்கடியில் நீள மேசைகள். யார், எவர் என்று கேட்காமல் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். மீன்குழம்பில் ரோசலினின் இலை இருந்தது. அவர் முகர்ந்து பார்க்கவில்லை, பார்த்தாலே தெரியும் என்றார்.

ஒய்பி எங்கள் மேசைக்கே வந்தார். வயதானவர், அலங்காரமில்லாத மனிதர். கை கழுவிவிட்டு உட்கார்ந்து, சமையல்காரர் அறிமுகப்படுத்தியதும் என்ன வேண்டும் என்று கேட்டார். தவமணி எழுந்து நிற்கப் போனார். ரோசலின் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தானே பேசினார். மலாயில், ஒரு வணக்கத்துக்கு மேல் இல்லாமல். தவமணி எனக்குத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், விவசாயம் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் இடமில்லை, மலாய்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், இந்த நிலம் இருக்கிறது, வீடு கட்டிவிட்டால் பிறகு கேட்க நிலம் கிடைக்காது. அவ்வளவுதான். சோறு ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

ஒய்பி என்னைப் பார்த்தார். மண் எப்படி என்று கேட்டார். களைத்த மண், ஆனால் தேற்றிவிடலாம், தேறிய பகுதியை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். தலையசைத்தார். பிறகு ரோசலினிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நிலத்தில் யாராவது பயிர் வைத்திருக்கிறார்களா? இருந்தால் நில அலுவலகம் விசாரிக்கும், ஈடு பேசும், கோப்பு வருடக்கணக்கில் நகராது. அதற்குள் வீடு கட்டுகிறவர்கள் முந்திவிடுவார்கள். காலி நிலம் என்றால் சொல்லுங்கள், இந்த வாரமே எழுந்து கேட்கிறேன்."

தவமணி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுச் சோற்றைப் பார்த்தார்.

"கோசோங், ஒய்பி" என்றார் ரோசலின். காலி. மலாயில் எனக்குத் தெரிந்திருந்த சில சொற்களில் அது ஒன்று. நான் வாயைத் திறந்தேன். ரோசலின் என் பக்கம் திரும்பவேயில்லை. மீன் துண்டு ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும் படகில் தவமணி பயத்தை மறந்து சத்தம் போட்டார். "ஏம்மா அப்படிச் சொன்ன? காலின்னு எழுதிட்டா காலேஜ் வந்தாலும் ஒனக்கு ஒன்னும் கெடைக்காது. வீடு வந்தாலும் மாத்து நெலம் கேக்க முடியாது. நீ அங்க இருந்ததே இல்லன்னு ஆயிரும்!"

"தெரியும்ணே."

"தெரிஞ்சேவா?"

"நான் இருக்கேன்னு சொன்னா காலேஜ் இல்ல. அவரு சொன்னது கேட்டிங்கல்ல." ஆற்றுத் தண்ணீரில் கையைக் கழுவினார். "நான் கத்துக்கிட்டேன், வேற எடத்துல வச்சிக்கலாம். படிக்கணும்னு நெனைக்கிறவளுக்கு யாரு இருக்கா?"

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இத்தனை வருட உழைப்பை ஒரு சொல்லில் தூக்கிக் கொடுக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று நினைத்தேன். பிறகு, அவருடைய மரத்துக்கு அவரைவிட வேறு யாருக்கு உரிமை என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் படகு கரை தட்டியது.

சட்டமன்றம் கூடிய நாள் மாநிலத் தலைநகர் அலோர்ஸ்டாருக்கு ரயிலில் போனோம், நானும் தவமணியும். ரோசலின் வரவில்லை, வேலை இருக்கிறதாம். வழியெங்கும் நெல்வயல். தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள், அத்தனை தண்ணீர். பக்கத்துச் சீட்டில் ஒரு மாணவி யாரிடமோ மலாயும் தமிழும் ஆங்கிலமும் கலந்து தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்தாள். தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வாம். "எந்த வேலைன்னு தெரியல லா, கெடச்சா போவேன்" என்றது மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது.

அனுமதி வாங்கிப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். உள்ளே போகும் விதிப்படி தவமணிக்குக் கோட் இரவல் வாங்க வேண்டியிருந்தது, அதன் கை நீளம். என் சேலைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மலாய் ஒய்பி எழுந்தார். பல விஷயங்களுக்கு நடுவே எங்கள் விஷயத்தையும் சொன்னார், அதே நிதானத்தில். பாடாங் செராய்ப் பக்கம் காலி நிலம் ஒன்று இருக்கிறது, அங்கே மாநிலத்துக்கு ஒரு வேளாண் கல்லூரி வேண்டும், எந்த இனத்துப் பிள்ளையானாலும் படிக்கட்டும். தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டார், தன் கை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அப்போது யாரும் எதிர்பாராமல் கரங்கானில் நாங்கள் சந்தித்த ஒய்பியும் எழுந்தார். இந்தக் கோரிக்கையைத் தானும் முழுமனதோடு ஆதரிப்பதாகவும், இது குறித்து இந்தியாவிலிருந்து வந்த நிபுணரோடு கரங்கானில் விரிவாகக் கலந்து பேசியதாகவும் சொன்னார். காப்பியின் நிறம் தவிர நாங்கள் எதையும் கலந்து பேசவில்லை. போகட்டும், ஆதரவு ஆதரவுதான். இரண்டு அணியும் ஒரே விஷயத்துக்கு எழுந்து நிற்பது அபூர்வம் என்று பின்னால் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். ஆட்சிக்குழு உறுப்பினர், நம் ஊர்க் கணக்கில் அமைச்சர், பதில் சொன்னார். நிலம் காலி என்பதால் சிக்கல் இல்லை, நில அலுவலகத்தார் இந்த வாரமே போய்ப் பார்ப்பார்கள், பார்த்தது சரியாக இருந்தால் கல்லூரிக்கென்று ஒதுக்குவதில் அரசுக்குத் தடையில்லை.

தவமணி அழுதார். அழுதுகொண்டே ரோசலினைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் எடுக்கவில்லை.

சுங்கை பட்டாணியில் இறங்கி வாடகைக் கார் பிடித்து நேராக நிலத்துக்கே போனோம். வெயில் இன்னும் இருந்தது. தூரத்திலேயே வாசம் வந்துவிட்டது. ஓட்டுநர்கூடக் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தார். ஒரு மூட்டை அல்ல, ஊர் முழுக்கத் தாளித்த மாதிரி வாசம்.

முதல் வரிசைகள் இல்லை. வெட்டிய கிளைகள் வழியோரம் குவிந்து கிடந்தன. பக்கத்துத் தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் சிலர் கை நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள், ஓசியில். ரோசலின் குழிக்குள் நின்று கோடரியால் ஒரு வேரைப் பிளந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"கெடச்சிருச்சும்மா" என்றார் தவமணி. "ரெண்டு ஒய்பியும் எந்திரிச்சாங்க. பாக்க ஆள் வர்றாங்களாம்."

"வருவாங்கன்னுதான்ணே காலையிலயே ஆரம்பிச்சிட்டேன்." சிரித்தார். நல்ல சிரிப்பு, முகமெல்லாம் மண். தவமணி எதையோ சொல்லத் தொடங்கினார். யாருடைய பெயரும் வரவில்லை. இரவல் கோட்டைக் கழற்றி ஒரு கிளைக்குவியலின் மேல் போட்டுவிட்டு, கிளைகளை இழுத்துப் போகத் தொடங்கினார்.

நான் குழியருகே போனேன். மரத்தை வெட்டியது போதாதா, வேரை எதற்குத் தோண்ட வேண்டும், பார்க்க வருகிறவர்கள் குழி தோண்டியா பார்ப்பார்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே விடை எனக்குத் தெரியும். கறிவேப்பிலையின் குணத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்ற ஆசைதான்.

"வேர விட்டா ஒரு மழைக்குத் துளுத்துரும் டீச்சர்" என்றார். "அப்புறம் நான் சொன்னது பொய்யாயிரும்."

மண்வெட்டி ஒன்று சும்மா கிடந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த மரத்தடியில் வெட்ட ஆரம்பித்தேன். மண் கையோடு வந்தது, அவ்வளவு நல்ல மண்.